இஃப்னி போரில் ஜெயித்தது யார்?

கேள்வி: மொராக்கோ 1956-லேயே சுதந்திரம் வாங்கிவிட்டது. அப்படியிருக்க 1957-ல் அதே மண்ணில் ஸ்பெயின் எதற்காகச் சண்டை போட்டது? இஃப்னி போர் என்றால் என்ன, கடைசியில் ஜெயித்தது யார்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைத்த நிலத்தை வைத்துப் பார்த்தால் மொராக்கோ. சண்டையை வைத்துப் பார்த்தால் ஸ்பெயின், அதுவும் பிரான்ஸ் கைகொடுத்ததால். ஆனால் மலையிலும் பாலைவனத்திலும் துப்பாக்கி எடுத்த உள்ளூர்க்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் வேறு. மற்றவர்கள் கணக்கு 1958-லேயே முடிந்துவிட்டது, இவர்கள் கணக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு இஃப்னி அறிமுகமானது தபால்தலை வழியாக. பள்ளிக்கூட நாளில் தபால்தலை சேர்க்கும் பைத்தியம் பிடித்திருந்தபோது, கடையில் வாங்கிய கலவைப் பொட்டலத்தில் ஒன்று வந்தது. மேலே எஸ்பான்யா, கீழே இஃப்னி என்று அச்சடித்திருந்தது. எஸ்பான்யா ஸ்பெயின் என்று தெரியும். இஃப்னி? பள்ளி அட்லஸில் தேடினேன், இல்லை. பின்பக்க அகராதியிலும் இல்லை. வாத்தியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அந்த ஊர் மந்திரி பேரா இருக்கும்டா" என்றார். ரொம்ப நாள் இஃப்னி ஒரு மந்திரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, அந்த இடத்தை வரைபடத்தில் தேடித் திணறியது நான் மட்டும் இல்லை. ஸ்பெயினே திணறியிருக்கிறது.

கதை 1859-ல் தொடங்குகிறது. மொராக்கோவோடு ஸ்பெயின் ஒரு போர் நடத்தி, தெத்துவான் நகரத்தைப் பிடித்தது. 1860 ஏப்ரலில் வாத்ராஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. பெரிய இழப்பீட்டுத் தொகையோடு, இன்னொரு ஷரத்தையும் ஸ்பெயின் சேர்த்துக்கொண்டது. பழைய காலத்தில் அட்லாண்டிக் கரையில் சாந்தா குரூஸ் தெ லா மார் பெக்கேன்யா என்று ஸ்பெயினுக்கு ஒரு கோட்டை இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு மீன்பிடி நிலையம் வைக்கத் தேவையான நிலத்தை மொராக்கோ நிரந்தரமாகத் தர வேண்டும் என்பது அது. கோட்டை இருந்தது நிஜம். 15-ஆம் நூற்றாண்டில் கேனரித் தீவுகளிலிருந்து வந்தவர்கள் கட்டியது. 1524-ல் உள்ளூர் மக்கள் அதை அழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று நூற்றாண்டுக்கு மேல் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆக, 1860-ல் பத்திரம் இருக்கிறது, மனை எங்கே என்று தெரியாது. எழுதி வாங்கியவருக்கும் தெரியாது, எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியாது. 1878-ல் இரு நாட்டுப் பிரதிநிதிகளும் ஒரு ஸ்பானியக் கப்பலில் ஏறிக் கடற்கரையோரமாகவே போய், கடைசியில் இஃப்னி என்ற இடத்தைக் காட்டி "இதுதான்" என்று முடிவுகட்டினார்கள். மொராக்கோ சுல்தான் 1883-ல் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் கோட்டை இருந்தது இஃப்னியில் இல்லை, அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே, தர்ஃபாயா பக்கத்துக் கழிமுகத்தில் என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் கருத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1958-ல் மறுபடி வரும்.

ஒப்புக்கொண்ட பிறகும் ஸ்பெயின் போய்க் குடியேறவில்லை. 1912-ல் பிரான்சும் ஸ்பெயினும் மொராக்கோவைப் பங்கு போட்டுக்கொண்டன. பெரும்பகுதி பிரான்சுக்கு. வடக்கே ஒரு பட்டை, தெற்கே தர்ஃபாயாப் பட்டை இரண்டும் ஸ்பெயினின் பாதுகாப்பில். அதற்கும் தெற்கே ஸ்பானிய சகாரா தனிக் காலனி. நடுவில், பிரெஞ்சுப் பகுதி சூழ்ந்திருக்க, கடலோரமாக ஒரு துண்டு இஃப்னி. சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். கள்ளிச்செடியும் கரட்டு மலையும்தான். ஆயிட் பாம்ரான் என்ற அமாசிக் குலங்கள் வாழும் இடம். பெர்பர் என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள், அவர்களேதான்.

1934 ஏப்ரலில்தான் கர்னல் ஒஸ்வால்தோ கபாஸ் சில பேரோடு கரையிறங்கி, குலத் தலைவர்களோடு பேசி, சண்டை இல்லாமலே இடத்தை எடுத்துக்கொண்டார். அவர்கள் ஏன் சம்மதித்தார்கள்? அதே மாதங்களில் பிரெஞ்சுப் படை பக்கத்து மலைகளையெல்லாம் விமானத்தோடும் பீரங்கியோடும் அடக்கிக்கொண்டு வந்தது. யாரோ ஒருவன் வரத்தான் போகிறான், கொஞ்சம் பலவீனமானவன் வரட்டும் என்ற கணக்குத்தான் என்பது என் எண்ணம். இரண்டு வருஷத்தில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆயிட் பாம்ரான் இளைஞர்களை இஃப்னி துப்பாக்கிப் படை என்ற பெயரில், பிற்பாடு ஸ்பெயினின் சர்வாதிகாரியான ஃபிராங்கோவுக்காகச் சண்டை போட ஸ்பெயினுக்குக் கப்பலேற்றினார்கள். மீன்பிடி நிலையத்துக்கு வாங்கிய இடம், ஆள்பிடி நிலையம் ஆனது.

சரி, 1956-க்கு வருவோம். ஸ்பெயின் மாட்டிக்கொண்ட விதத்தைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய மூன்று வருஷத்தைப் பார்க்க வேண்டும். 1953 ஆகஸ்டில் மொராக்கோ சுல்தான் ஐந்தாம் முகமதுவை பிரெஞ்சுக்காரர்கள் பதவியிறக்கி நாடு கடத்தினார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஃபிராங்கோவுக்குக் கோபம். அதனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக ஆயுதம் எடுத்த மொராக்கோக்காரர்களை ஸ்பானியப் பகுதியில் ஒதுங்க விட்டார். விடுதலைப் படை என்ற கெரில்லா அமைப்பு மூச்சுவிட்டு வளர்ந்ததில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தெற்கிலும் இதே கதைதான். 1957 தொடக்கத்தில் விடுதலைப் படையின் குழுக்கள் ஸ்பானிய சகாரா வழியாகப் போய் மௌரித்தானியாவில் பிரெஞ்சு முகாம்களைத் தாக்கியபோது, ஸ்பானிய அதிகாரிகள் கண்டும் காணாததுபோல இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனைக் கடிக்கட்டும் என்று நாய்க்குச் சோறு போட்டவன் கதை. அந்த வருஷம் முடிவதற்குள் அந்தப் பாலைவனத்தை மீட்க பிரான்சின் விமானங்களைக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

1956 மார்ச் 2 அன்று பிரான்ஸ் மொராக்கோவின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. ஏப்ரல் 7 அன்று ஸ்பெயினும் வடக்குப் பட்டையைக் கொடுத்தது. ஆனால் தர்ஃபாயாவைக் கொடுக்கவில்லை. இஃப்னியையும் சகாராவையும், மொராக்கோவின் வடகரையில் தன் கையில் இருந்த சேயுத்தா, மெலில்லா நகரங்களையும் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மொராக்கோவில் இருந்த ஸ்பானிய ராணுவத்தில் பெயரெடுத்தே மேலே வந்தவர் ஃபிராங்கோ. அந்த மண்ணை விட்டுக்கொடுப்பது அவருக்குத் தன் வாழ்க்கை வரலாற்றில் பாதியைக் கிழித்துக் கொடுப்பதுபோல.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வரைபடம் தயாரானது. மொராக்கோவின் இஸ்திக்லால் கட்சித் தலைவர் அல்லால் அல் ஃபாஸி, கிடைத்தது முழு மொராக்கோ இல்லை என்று சொல்லிவந்தார். 1956 ஜூலையில் கட்சியின் அல் ஆலம் பத்திரிகை 'பெரு மொராக்கோ' வரைபடத்தை வெளியிட்டது. இஃப்னி, சகாரா, மௌரித்தானியா முழுவதும், அல்ஜீரியாவில் ஒரு பங்கு, மாலியில் ஒரு மூலை என்று செனகல் ஆறு வரை போனது அது. ஒரு காலத்தில் சுல்தானுக்கு விசுவாசம் சொன்ன குலங்கள் எங்கெல்லாம் இருந்தனவோ அதெல்லாம் மொராக்கோ என்பது வாதம். வாதத்தில் பாதி உண்மை உண்டு. பாலைவனத்தில் எல்லைக்கல் கிடையாது, விசுவாசம்தான் எல்லை. அந்த விசுவாசம் மழையைப்போல வரும், போகும் என்பது மீதிப் பாதி. மொத்தத்தில், தொலைந்த கோட்டையை வைத்து ஒருவர் உரிமை கொண்டாடினார், பழைய விசுவாசத்தை வைத்து இன்னொருவர். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களிடம் இரண்டு பேரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு சூட்சுமம். புதிய மொராக்கோ அரசு ஸ்பெயின்மேல் போர் அறிவிக்கவே இல்லை. சண்டைக்குப் போனது விடுதலைப் படையின் தெற்குப் பிரிவு, பென்ஹம்மூ என்பவர் தலைமையில். அரண்மனைக்கும் இந்தப் படைக்கும் இருந்த உறவு சிக்கலானது. 1956 மேயில் அரசு தனக்கென்று ஒரு ராணுவத்தை நிறுவி, இளவரசர் மௌலே ஹசன் அதன் தலைமையில் உட்கார்ந்தார். விடுதலைப் படையில் பல பேர் அதில் சேர்ந்தார்கள், சேராதவர்கள் தெற்கே போனார்கள். ராஜாவின் சொல்லுக்குக் கட்டுப்படாத துப்பாக்கிகள் தலைநகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதைவிடத் தொலைதூரத்தில் ஸ்பானியர்களோடு மோதிக்கொண்டிருப்பது அரண்மனைக்கு நல்லது. ஜெயித்தால் நிலம் நமக்கு, தோற்றால் தொல்லை விட்டது. 1957 நவம்பர் கடைசியில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில் ராஜா ஐந்தாம் முகமது அமெரிக்காவில் ஜனாதிபதி ஐசன்ஹோவரின் விருந்தாளி. தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல அதைவிட நல்ல இடம் உண்டா?

நவம்பர் 22 இரவு முடிந்து 23 விடிவதற்குள் தொலைபேசிக் கம்பிகள் அறுக்கப்பட்டன. தலைநகரமான சிடி இஃப்னியையும், மலைக்குள்ளே தூரம் தூரமாகச் சிதறிக் கிடந்த சின்னச் சின்னக் காவல் முகாம்களையும் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். நகரம் விழவில்லை. முகாம்கள் ஒவ்வொன்றாக முற்றுகைக்குள் மாட்டின. டெலாட்டா, டிலியுயின், மெஸ்தி, டாக்ராக்ரா என்று ஊர்ப்பெயர்கள் நீளும். ஒரு முகாமுக்குள் சில பத்துப் பேர் சிப்பாய்கள், ஒன்றிரண்டு குடும்பங்கள், தண்ணீர் கொஞ்சம். அந்தச் சிப்பாய்களிலும் ஒரு பங்கு உள்ளூர்க்காரர்கள். வெளியே சுற்றி நிற்பவன் அவர்களுடைய பங்காளியாகவும் இருக்கலாம்.

டெலாட்டாவை மீட்க லெப்டினன்ட் ஒர்த்தீஸ் தெ சாராத்தே என்ற இளம் அதிகாரி ஒரு பாராசூட் படைப்பிரிவோடு புறப்பட்டார். லாரிகளில் போனார்கள், கூடவே ஓர் ஆம்புலன்ஸ். தூரம் அதிகமில்லை. ஆனால் பாதை மலையிடுக்கு வழியாகப் போகிறது, அதில் தடைகள். லாரியை விட்டு இறங்கி ஒரு மேட்டில் ஏறி நின்றவர்களை அங்கேயே சுற்றி வளைத்துவிட்டார்கள். டெலாட்டாவை மீட்கப் போனவர்களே முற்றுகையில். தண்ணீர் தீர்ந்தது. வானத்திலிருந்து போட்ட பொட்டலங்களில் பல எதிரி பக்கம் விழுந்தன. நவம்பர் 26 அன்று லெப்டினன்ட் சுடப்பட்டு இறந்தார், மிஞ்சியவர்கள் டிசம்பர் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தார்கள். புறப்படும்போது அவர், "டெலாட்டாவுக்குள் நுழைவேன், இல்லாவிட்டால் சொர்க்கத்துக்குள்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. இறந்துபோன அதிகாரிகள் எல்லோருமே இப்படி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நான் அதை அப்படியே நம்புகிறவன் இல்லை.

டிலியுயினில் நடந்தது இன்னும் விசித்திரம். நவம்பர் 29 அன்று முதலில் குண்டுவீச்சு விமானங்கள் வந்து முகாமைச் சுற்றிலும் போட்டன. பின்னாலேயே ஐந்து போக்குவரத்து விமானங்கள். அவற்றிலிருந்து 75 பேர் குதித்தார்கள். ஸ்பானிய ராணுவத்தின் வரலாற்றில் முதல் போர்க்களப் பாராசூட் குதிப்பு அது. ஆனால் யோசித்துப் பாருங்கள், முற்றுகையில் இருக்கிற முகாமுக்குள் இன்னும் 75 பேர் குதித்தால் என்ன ஆகும்? முற்றுகையில் 75 பேர் கூடுவார்கள். அவர்களையும் சேர்த்து மீட்க இன்னொரு படை தரைவழியாக வந்துசேர டிசம்பர் 3 ஆகிவிட்டது. எல்லோரையும் அழைத்துக்கொண்டு சிடி இஃப்னிக்குத் திரும்பினார்கள். முகாமைப் பாதுகாக்கவா போனார்கள் என்றால் இல்லை, காலி செய்யத்தான் போனார்கள்.

அந்த விமானங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மானிய வடிவமைப்பில் உருவான ஹைங்கெல் 111, யூங்கர்ஸ் 52. ஸ்பானிய உள்நாட்டுப் போரிலும் ஹிட்லரின் படையிலும் பறந்த ரகம். 1957-ல் ஸ்பெயினிடம் அமெரிக்க சேபர் ஜெட்டுகள் இருந்தன. ஆனால் 1953 ஒப்பந்தப்படி வந்த அமெரிக்க ஆயுதங்களை ஆப்பிரிக்கக் காலனிச் சண்டையில் பயன்படுத்த வாஷிங்டன் ஒப்புக்கொள்ளவில்லை. மொராக்கோவிலும் அமெரிக்காவுக்கு விமான தளங்கள் இருந்தன, யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை. எனவே நல்ல விமானங்கள் ஸ்பெயினில் பளபளவென்று நின்றன, காயலான் கடைக்குப் போக வேண்டியவை சண்டைக்கு வந்தன. கட்டாய ராணுவச் சேவையில் வந்த பையன்கள் பலர் கயிற்று அடிப்பாகம் வைத்த துணிச் செருப்போடு அந்தக் கல் மலையில் ஓடினார்கள். ஸ்பெயினில் வயல்வேலைக்குப் போகிறவர்கள் போடுகிற செருப்பு அது. மலையில் இரண்டு நாள் நடந்தால் அடி கழன்றுவிடும்.

ஒவ்வொரு மீட்பு நடவடிக்கைக்கும் ஒரு பெயர். டிலியுயின் குதிப்புக்குக் கைக்குட்டை. டெலாட்டா மீட்புக்கு நெத்தோல், அது பித்தளை துலக்குகிற பாலிஷின் பிராண்ட் பெயர். இன்னொன்றுக்கு ஹெந்தோ, ரியல் மாட்ரிட் கால்பந்து அணியின் இடதுபக்க ஆட்டக்காரர் பெயர். பெயர் வைத்தவருக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

டிசம்பர் நடுவில் ஸ்பெயின் உள்முகாம்களை எல்லாம் கைவிட்டு, சிடி இஃப்னியைச் சுற்றி மேடுகளில் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டது. உள்ளே சுமார் 7,500 பேர். அந்த ஊருக்கு அப்போது துறைமுகம் கிடையாது. அலை பலமாக அடிக்கும் திறந்த கடற்கரை. கப்பல் தூரத்தில் நங்கூரமிடும், அங்கிருந்து படகில் மாற்றித்தான் அரிசியும் தோட்டாவும் கரைக்கு வர வேண்டும். விமான ஓடுதளம் ஒன்றுதான் உருப்படியான வழி. டிசம்பர் 7 அன்று ஸ்பானியப் போர்க்கப்பல்கள் மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்கு எதிரே போய்ப் பீரங்கிகளை ஊர்ப்பக்கம் திருப்பி நின்றன. சுடவில்லை. போர் அறிவிக்காத அரசுக்கு, "யார் பின்னால் இருக்கிறார்கள் என்று தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தன, அவ்வளவுதான்.

ஸ்பெயினில் இருந்த மக்களுக்கு இதில் எவ்வளவு தெரிந்தது? பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. சில கொள்ளைக் கூட்டங்களை விரட்டுகிறோம் என்ற பாணியில்தான் செய்தி. மகன் போன இடத்தில் நடப்பது போர் என்று பல வீடுகளுக்குச் சவப்பெட்டி வந்தபோதுதான் தெரிந்தது. சிலருக்கு அதுவும் வரவில்லை. அந்தக் குளிர்காலப் பண்டிகைக்கு வீரர்களை மகிழ்விக்க நடிகை கார்மென் செவில்லாவும் நகைச்சுவையாளர் ஹீலாவும் சிடி இஃப்னிக்கு வந்தார்கள். அந்தச் செய்திக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. ஹீலாவின் புகழ்பெற்ற நிகழ்ச்சியே, ஒரு சிப்பாய் தொலைபேசியில் எதிரியைக் கூப்பிட்டுச் சண்டையை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று விசாரிப்பது. தொலைபேசிக் கம்பி அறுந்து கிடந்த ஊரில் அதைக் கேட்டு எத்தனை பேர் சிரித்தார்களோ.

1958 பிறந்தபோது சண்டையின் கனம் சகாரா பக்கம் சாய்ந்தது. அங்கே விடுதலைப் படையில் பெரும்பங்கு சகாராவி நாடோடிக் குலத்தார். ஸ்பெயின் கடலோர ஊர்கள் சிலவற்றுக்குள் சுருங்கிக்கொண்டு, பாலைவனத்தை அப்படியே விட்டிருந்தது. பொஹதோர் முனைக் கலங்கரை விளக்கத்தின் ஊழியர்களைக்கூடக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். சிறைபிடிக்கப்பட்டவர்கள் வீடு திரும்ப 1959 ஆயிற்று. ஜனவரி 13 அன்று அல் அயூன் ஊருக்குத் தென்கிழக்கே எட்சேரா என்ற இடத்தில் சாகியா அல் ஹம்ரா வறண்ட ஆற்றுப்படுகையை ஒட்டி வேவு பார்க்கப் போன ஸ்பானிய லீஜியன் படை பதுங்கித் தாக்குதலில் சிக்கியது. நாள் முழுக்க மணலில் சண்டை. இருட்டியதும் தாக்கியவர்கள் ஆற்றுப்படுகை வழியாகவே மறைந்துபோனார்கள். ஸ்பானியத் தரப்பில் 37 பேர் இறந்தார்கள், 50 பேருக்குக் காயம். ஸ்பெயினின் மிக உயர்ந்த வீர விருதான சான் ஃபெர்னாந்தோ சிலுவை தனி வீரர்களுக்குக் கடைசியாக வழங்கப்பட்டது அன்றைக்கு இறந்த இரண்டு பேருக்குத்தான்.

ஸ்பெயினால் தனியாக முடியாது என்பது அப்போது தெளிவாகிவிட்டது. பிரான்சுக்கும் கவலை இருந்தது. அல்ஜீரியாவில் போர் எரிந்துகொண்டிருந்தது, மௌரித்தானியாவின் இரும்புத்தாதுமேல் கண் இருந்தது. நடுவில் யாருக்கும் கட்டுப்படாத ஒரு பாலைவனம் இருப்பது அதற்குப் பிடிக்கவில்லை. பிப்ரவரி 10 அன்று கூட்டு நடவடிக்கை தொடங்கியது. ஸ்பெயின் அதற்குத் தெய்தே என்று பெயர் வைத்தது, பிரான்ஸ் எக்கூவியோன் என்றது. பீரங்கிக் குழலைத் துடைக்கிற தூரிகைக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். ஸ்பெயின் தரப்பில் சுமார் 9,000 பேர், பிரான்ஸ் தரப்பில் 5,000, நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள். ஒட்டகமும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்கள் இதற்கு முன்னால் எத்தனை நாள் நிற்க முடியும்? இரண்டே வாரத்தில் முடிந்தது. மொராக்கோவின் அரச ராணுவம் கைகட்டிக்கொண்டு நின்றது. அரண்மனை தங்களை விற்றுவிட்டது என்ற பேச்சு அங்கே தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. குண்டுவீச்சில் ஆட்டையும் ஒட்டகத்தையும் இழந்த பல குடும்பங்கள் வடக்கே மொராக்கோ எல்லைக்குள் போய் டான்டான் போன்ற ஊர்களில் ஒதுங்கின.

மார்ச் முழுக்கப் பேரம். ஏப்ரல் 1 அன்று சகாராக் கரையில் உள்ள சின்ட்ரா வளைகுடாவில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும், ஸ்பெயினின் காஸ்தியெய்யாவும் மொராக்கோவின் பலாஃப்ரெஜும், ரகசியமாகச் சந்தித்து ஒப்பந்தம் போட்டார்கள். தர்ஃபாயாப் பட்டை மொராக்கோவுக்கு. இஃப்னியும் சகாராவும் ஸ்பெயினிடமே. இப்போது அந்தப் பழைய கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1860-ல் எந்தக் கோட்டையைச் சொல்லி உரிமை கேட்டார்களோ, அது இருந்ததாக ஆராய்ச்சியாளர்கள் சொல்கிற கழிமுகம் அந்தத் தர்ஃபாயாப் பட்டைக்குள் இருக்கிறது. ஸ்பெயின் சரியான இடத்தைக் கொடுத்துவிட்டுத் தப்பான இடத்தை வைத்துக்கொண்டது. அந்தத் தப்பான இடத்திலும் சிடி இஃப்னியும் சுற்றியுள்ள மேடுகளும்தான் கையில். மீதி இஃப்னியில் அதன் பிறகு ஸ்பானியர் காலடி படவே இல்லை.

இதற்கிடையில் மாட்ரிட் ஒரு காகித வேலையும் செய்திருந்தது. ஜனவரி 10 அன்று இஃப்னியையும் சகாராவையும் ஸ்பெயினின் மாகாணங்கள் என்று அறிவித்தது. மாட்ரிட் எப்படியோ, செவில்யா எப்படியோ, அப்படி. ஸ்பெயின் ஐ.நா.வில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. காலனிகளைப் பற்றி யாராவது கேட்டால், எங்களிடம் காலனியே இல்லை, மாகாணம்தான் இருக்கிறது என்று சொல்லலாம். போர்ச்சுகல் 1951-லேயே கையாண்ட தந்திரம்தான். என் தபால்தலையில் எஸ்பான்யாவும் இஃப்னியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதன் அர்த்தம் இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

காகிதம் ரொம்ப நாள் தாங்கவில்லை. 1965-ல் ஐ.நா. பொதுச்சபை இஃப்னியையும் சகாராவையும் விடுவிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. 1969 ஜனவரி 4 அன்று ஃபேஸ் நகரில் உடன்படிக்கை, ஜூன் 30 அன்று சிடி இஃப்னியில் கொடியிறக்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இருநூறு முந்நூறு பேர் செத்துக் காப்பாற்றிய ஊரை ஒரு கையெழுத்தில் கொடுத்தாயிற்று. இஃப்னியைத் தந்துவிட்டால் சகாராவை மொராக்கோ கேட்காது என்பது மாட்ரிட்டின் கணக்கு. அதற்குள் அங்கே பூ கிராவில் பெரிய பாஸ்பேட் படிமம் கண்டுபிடித்திருந்தார்கள்.

கணக்கு தப்பியது. 1973-ல் சகாராவிகள் போலிசாரியோ அமைப்பைத் தொடங்கினார்கள். 1958-ல் குடும்பத்தோடு வடக்கே ஓடிப்போனவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. இந்தத் தடவை அவர்கள் கேட்டது மொராக்கோவோடு இணைப்பு இல்லை, தனி நாடு. தங்களை முன்னால் நிறுத்திச் சண்டை போட வைத்து, பிறகு இரண்டு ஐரோப்பிய ராணுவங்கள் அடிக்கும்போது வேடிக்கை பார்த்தவர்களை எதற்கு நம்ப வேண்டும் என்பது அவர்களில் பலர் சொல்லும் காரணம். 1975 அக்டோபரில் சர்வதேச நீதிமன்றம், சில குலங்கள் சுல்தானுக்கு விசுவாசம் காட்டியது உண்மைதான், ஆனால் அது நிலத்தின்மேல் இறையாண்மை ஆகாது, அங்கே வாழும் மக்கள் தாங்களே முடிவு செய்யட்டும் என்று கருத்துச் சொன்னது. நவம்பர் 6 அன்று ராஜா ஹசன், 1957-ல் இளவரசராக இருந்தாரே அவரேதான், மூன்றரை லட்சம் மக்களை ஆயுதம் இல்லாமல் எல்லையைத் தாண்டி நடக்க வைத்தார். ஃபிராங்கோ மரணப்படுக்கையில் இருந்தார். நவம்பர் 14 அன்று ஸ்பெயின் சகாராவின் நிர்வாகத்தை மொராக்கோவுக்கும் மௌரித்தானியாவுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அதன் பிறகு நடந்தது தனிப் போர், தனிப் பதிலே எழுத வேண்டும். மொராக்கோவுக்கும் மேற்கு சகாராவுக்கும் நடுவே இன்று வரைபடங்களில் 27 பாகை 40 கலையில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போகிறதே, அது தர்ஃபாயாப் பட்டையின் தெற்கு எல்லை. 1958-ல் கைமாறியபோது அங்கேதான் நிறுத்தினார்கள்.

இஃப்னிக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? மொராக்கோவின் விடுதலை வரலாற்றில் ஆயிட் பாம்ரான்களுக்கு மரியாதையான ஒரு பக்கம் உண்டு, ஆண்டுதோறும் நவம்பர் 23 நினைவு நாளும் உண்டு. வேலைதான் இல்லை. 2008-ல் சிடி இஃப்னி இளைஞர்கள், பிடிக்கிற மீனெல்லாம் பதப்படுத்த அகாதிருக்குப் போகிறது, ஊரில் ஒரு வேலையும் மிஞ்சவில்லை என்று மீன் லாரிகளைத் துறைமுகத்திலேயே மறித்து உட்கார்ந்தார்கள். ஜூன் 7 அன்று போலீஸ் புகுந்து கலைத்தது, வீடு வீடாக நுழைந்து அடித்ததாகப் புகார்கள் எழுந்தன. மீன்பிடி நிலையம் என்று 1860 ஷரத்தில் இருந்த வார்த்தைக்கு அந்த ஊரில் அர்த்தம் வந்தபோது சண்டையும் அதற்காகவே வந்தது.

ஊர் இன்னும் பார்க்க அழகாக இருக்கிறது. வெள்ளையும் நீலமுமாக, 1930-களின் பாணியில் வளைந்த முகப்புக் கட்டடங்கள். எஸ்பான்யா சதுக்கம் ஹசன் சதுக்கம் ஆகிவிட்டது. 1957-ல் எல்லா உயிரும் ஊசலாடிய அந்த விமான ஓடுதளம் கைவிடப்பட்டு ஊருக்கு நடுவில் வெறும் பொட்டலாகக் கிடக்கிறது. கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் தனியாக ஒரு கான்கிரீட் மேடை நிற்கிறது. துறைமுகம் இல்லாத குறைக்கு 1960-களில் ஸ்பானியர்கள் கட்டியது. கப்பல் சரக்கை அங்கே இறக்கி, கம்பிவடத்தில் தொட்டி கட்டிக் கரைக்கு இழுப்பார்கள். ஊரைக் கொடுக்கப் போகிற நேரத்தில், அவ்வளவு செலவில், அப்படி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். இப்போது கம்பிவடம் ஓடுவதில்லை.